பூச்சாண்டியும் பாடகனும்

பிள்ளை அழுதால் நம் நாட்டுத் தாய்மார் பூச்சாண்டியைக் கூவி அழைப்பர். கரிபியக் கடலிலுள்ள ஜமெய்க்காத் தீவின் தாய்மாரோ கருநெஞ்சனை அழைத்தனர். அவன் சடைமுடி தரித்தவன், ஆளில்லா இடங்களில் உறைபவன், தனியே திரியும் சிறுவரைப் பிடித்துச் செல்பவன் என்பது அவர்கள் சொல்லிவந்த கதை. உண்மையில் அத்தகைய கொடியோன் ஒருவனும் அங்கு இருந்திலன். ஊருக்குப் புறம்பே வாழ்ந்த ராஸ்தபாரிச் சமயத்தாரையே அவர்கள் அவ்வாறு சுட்டினர். அக்கதையைக் கேட்டு அஞ்சி வளர்ந்த ஒரு சிறுவன், பின்னர்த் தானே சடைமுடி தரித்து, 1976ஆம் ஆண்டில் தான் தனித்து வெளியிட்ட முதல் பாடல் தொகுதிக்குக் 'கருநெஞ்ச மனிதன்' என்னும் பொருள்படப் 'பிளாக்ஹார்ட் மேன்' என்றே பெயரிட்டான். அவரே யாம் ஈண்டு எழுதப் புகுந்த பனி வெய்லர்.

எம் விடுதியில் பாப் மார்லியின் உருவம் பொறித்த சட்டை அணிந்தோர் ஐவர் உளர். அவருள் ஒருவரேனும் வெய்லரின் பெயரை அறிந்திலர். வெய்லர் என்பது ஆங்கிலத்தில் ஓலமிடுவோன் என்று பொருள்படும். நம் செவிக்கோ பனியும் வெயிலும் ஒருங்கே வந்ததுபோல் ஒலிக்கின்றது. இஃது எம் தமிழ்ப் பித்தின் விளைவு, நண்பர்கள் பொறுக்க.

நெவில் லிவிங்ஸ்டன் என்னும் இயற்பெயருடைய இவர் 1947ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள் கிங்ஸ்டனில் பிறந்தார். இளமையில் தந்தையுடன் நைன் மைல் என்னும் மலைச் சிற்றூரில் வாழ்ந்தபோது, தம்மினும் ஈராண்டு மூத்தவரான மார்லியைத் தோழராகப் பெற்றார். பின்னர் இவர் தந்தையும் மார்லியின் தாயும் ஓரில்லத்தில் வாழ்ந்து பெண் மகவொன்றும் பெற்றமையால், தோழர் இருவரும் உடன்பிறந்தார் முறையினராயினர். மூங்கிற் கழியும் மத்தி மீன் தகரமும் மின்கம்பியும் கொண்டு பனி செய்த கித்தாரே அவர்களுக்கு முதற் கருவி. கிங்ஸ்டனில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த டிரெஞ்ச் டவுன் சேரியில் ஜோ ஹிக்ஸ் என்னும் பாடகர், தம் முற்றத்தில் கூடிய இளைஞர்க்குக் குரலொத்துப் பாடும் முறையைக் கற்பித்துவந்தார். அங்கே பீட்டர் டாஷும் வந்து சேர, 1963ஆம் ஆண்டில் வெய்லர்ஸ் என்னும் குழு எழுந்தது. வன்முறையில் இறங்கிய இளைஞரைத் தணியுமாறு வேண்டும் 'சிம்மர் டவுன்' என்னும் அவர்கள் பாட்டு 1964இல் தீவெங்கும் முதலிடம் பெற்றது.

நிற்க. ராஸ்தபாரியர் யாவர்? 1930ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் எத்தியோப்பியாவில் ராஸ் தபாரி என்பவர் ஹெய்லி செலாசி என்னும் பெயருடன் பேரரசராக முடிசூடினார். அடிமைகளின் வழித்தோன்றல்களான ஜமெய்க்கா ஏழையர் சிலர், வேதாகமம் முன்னறிவித்த மன்னர் இவரே எனக் கொண்டனர். தம்மை ஒடுக்கிய ஆட்சியைப் பாபிலோன் என்றனர். நசரேய விரதம் பூண்டோர் தலைமயிர் மழியார் என்று எண்ணாகமம் ஆறாம் அதிகாரம் கூறுவதனால் சடை வளர்த்தனர். நமக்குச் சங்கீதம் என்பது கோயிலில் ஒரு புத்தகம், வெளியில் ஒரு கலை. அவர்களுக்கோ இரண்டும் ஒன்றே. தாவீதின் பாடல்களை முழவதிர ஓதுவதே அவர்தம் வழிபாடு.

மனிதர் ஒருவரைத் தெய்வமாகப் போற்றும் அக்கொள்கை எமக்கு உடன்பாடன்று. அப்பேரரசரே எத்தியோப்பியத் திருச்சபையைச் சார்ந்த கிறிஸ்தவர். அவர் அரியணைப் பெயரின் பொருளே திரியேகத்தின் வல்லமை என்பது. ஆயினும் 1963ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை நம்மவர் அறிதல் வேண்டும். பெரிய வெள்ளிக்கு முதல் நாள், மாண்டீகோ பே நகரையடுத்த கோரல் கார்டன்ஸ் என்னுமிடத்தில் மூண்ட கலகத்தில் எண்மர் மாண்டனர். அதனைக் காரணங்காட்டிக் காவலர்கள் அக்கலகத்தோடு தொடர்பேயில்லாத ராஸ்தபாரியர் பலரைப் பிடித்து அடித்துச் சிறையிலிட்டு, அவர்கள் சடையையும் மழித்தனர். ஜமெய்க்கா நாட்டு முதலமைச்சர் இதற்காக மன்னிப்புக் கேட்டது 2017ஆம் ஆண்டிலேதான். பிள்ளைகளை அச்சுறுத்தச் சொன்ன கதை பெரியோர் கைகளில் என்னவாகிறது, பார்த்தீர்களா?

பனியும் அதனின்று தப்பிலர். 1967ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், கஞ்சா வைத்திருந்தார் என்னும் குற்றத்திற்காகச் சிறை சென்று ஓராண்டுக்கு மேல் அங்கிருந்தார். கஞ்சா என்னும் சொல்லே நம் நாட்டினின்று சென்றது. 1845ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் அதனைக் கொண்டுசென்றனர். அப்புகையை யாம் புகழவில்லை. அதனை வேள்வியாகக் கொண்டவர்க்கு 2015ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது என்பதை மட்டும் குறிக்கின்றோம். சிறைத் துன்பத்தை அவர் 'பேட்டரிங் டவுன் சென்டென்ஸ்' என்னும் பாட்டாக்கினார்.

இனி யாம் சொல்ல வந்த செய்தி. 1973ஆம் ஆண்டில், பத்தாண்டு பாடியும் வறுமை நீங்காத வெய்லர்ஸ் குழுவுக்கு உலகின் கதவு திறந்தது. லண்டனிலிருந்த ஐலண்ட் நிறுவனத்தார் 'கேட்ச் எ ஃபயர்' என்னும் தொகுதியை வெளியிட்டு, இங்கிலாந்தில் ஊரூராகப் பாடுவித்தனர். அடுத்து அமெரிக்கப் பயணம். பனி, வரமாட்டேன் என்றார். குளிரும் ஒவ்வாத உணவும் ஒருபுறமிருக்க, மதுவும் களியாட்டமும் மலிந்த இரவு விடுதிகளில் நின்று தம் சமயப் பாடல்களைப் பாட அவர் மனம் ஒப்பவில்லை. அப்போது அவர்க்கு வயது இருபத்தாறு. அவர் இடத்தை நிரப்பச் சென்றவர் யாரெனில், முற்றத்தில் வைத்து அவர்கள் அனைவர்க்கும் பாடக் கற்பித்த அதே ஜோ ஹிக்ஸ்!

இதனை எம் நண்பர் ஒருவரிடம் கூறியபோது, "மடமை! பாடகனுக்கு மேடையைத் தெரிந்தெடுக்கும் உரிமை ஏது? பாவிகள் கூடுமிடத்திலன்றோ நற்செய்தி சொல்ல வேண்டும்?" என்றார். அவர் கூற்றில் வலிமை இல்லாமலில்லை. மார்லி சென்றார், சிறிய விடுதிகளில் பாடினார், அதனாலன்றோ ரெகே என்னும் இசை உலகெங்கும் பரவியது? மார்லியும் மறுத்திருந்தால் வெய்லர்ஸ் என்னும் பெயரே எம் விடுதிவரை வந்திராது. யாமும் இக்கட்டுரையை எழுதியிரோம். பனியும் முழுத் துறவியல்லர். அவருடைய தொகுதியை உலகிற்கு அளித்தது அதே ஐலண்ட் நிறுவனமே. பிற்காலத்தில் அவரும் கடல்கடந்து பாடினார். 1986இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் பெருங்கூட்டத்தின்முன் நின்றார்.

எனினும் எம் உள்ளம் அவர் பக்கமே சாய்கின்றது. போகாதவர் ஒருவர் இருந்தமையாலேயே, போனவர் எதை விலையாகக் கொடுத்தார் என்பதை நாம் அளக்க முடிகின்றது. மேலும், வேண்டாம் என்று சொல்வதற்கு உரிய காலம், கதவு திறக்கும் அந்தக் கணமே. புகழ் வந்த பின் அதனை மறுப்பது எளிது. வறியவனாய் வாயிலில் நிற்கும்போது மறுப்பது அரிது. பட்டம் பெற்று வெளியேறும் எம்மனோர்க்கும் அத்தகைய கணம் வரும். அன்று யாம் என் செய்வோமோ என்னும் ஐயத்தினாலேயே இவர் வாழ்வைத் துருவிப் பார்க்கின்றோம்.

ஊர் திரும்பியவர் வாளாவிருந்திலர். 1972இல் தொடங்கிய சாலமோனிக் என்னும் தம் சொந்த நிலையத்தைக்கொண்டு 'பிளாக்ஹார்ட் மேன்' தொகுதியை உருவாக்கினார். பிரிந்துபோன மார்லியும் டாஷும் அதில் வந்து குரல் கொடுத்தனர் என்பதை அறிந்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. தலைப்புப் பாட்டில், அஞ்சிய பிள்ளையும் அஞ்சப்பட்டவனும் ஒருவனேயாகின்றனர். குரலில் சினம் இல்லை. மெல்லிய முழவொலியின்மேல் அது தயங்கித் தயங்கிச் செல்கின்றது. இரவில் கைபேசியில் தனித்துக் கேட்டபோது, சிறுவயதில் யாரை எண்ணி அஞ்சினோம் என்று யாமும் நினைத்துப் பார்த்தோம். எம் தெருவில் திரிந்த சடைமுடிப் பிச்சைக்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் பெயரை யாம் கேட்டதேயில்லை.

1981ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் மார்லி புற்றுநோயால் மாண்டார், முப்பத்தாறாம் வயதில். 1987இல் டாஷ் தம் வீட்டிலேயே கொலையுண்டார். மூவருள் எஞ்சிய பனி மும்முறை கிராமி பரிசு பெற்றார். அவற்றுள் இரண்டு, 1991இலும் 1997இலும் கிடைத்தவை, மார்லிக்குப் புகழ்மாலையாக அவர் பாடிய தொகுதிகளுக்கே வந்தன. கூடச் செல்ல மறுத்த தோழருடைய பாட்டுகளைப் பாடியன்றோ அவர் பரிசு பெற்றார்! இருபதாம் வயதில் அவரைச் சிறையிலிட்ட நாடு 2012ஆம் ஆண்டில் 'ஆர்டர் ஆப் மெரிட்' என்னும் உயர்ந்த விருதை அளித்தது. 2021ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கிங்ஸ்டனில், தம் எழுபத்துமூன்றாம் வயதில், சடைமுடியோடேயே அவர் கண்மூடினார்.