காப்பவர்க்கே முடிவுரிமை

ஊர்ப் பூங்காவையும் ஏரிக்கரையையும் காக்கப் பொதுமக்கள் முன்வர வேண்டும் என்ற அழைப்பு அரசு விழாக்கள்தோறும் ஒலிக்கிறது. மரக்கன்று நடவும், குப்பை அகற்றவும், வேலிக்குப் பொருள் திரட்டவும் மக்கள் வேண்டப்படுகின்றனர். ஆனால் அந்நிலத்தில் எது அமைய வேண்டும், அதற்கான பணம் எவ்வாறு செலவாயிற்று, அதை வேறொரு பயனுக்கு மாற்றலாமா என்பன முடிவாகும்போது அவர்களைக் கேட்பாரில்லை. உழைப்பில் பங்கு தந்து முடிவில் விலக்கி வைக்கும் எந்த ஏற்பாடும் நெடுநாள் நிலைக்காது. தருமபுரி மாவட்டத்தின் வரலாறே இதற்குச் சான்று.

இன்றைய தருமபுரியாகிய பழைய தகடூர் நாடு நடுகற்கள் மிகுந்த மண். ஆநிரை கவர வந்தோரை எதிர்த்துப் பொருது மாண்ட வீரர்க்கு எடுக்கப்பட்ட கற்கள் இம்மாவட்டத்தில் பல. கால்நடையே செல்வமாயிருந்த ஊர்களில் மேய்ச்சல் வெளியையும் நீர்நிலையையும் பொதுவில் பேணாமல் வாழ்வு நடந்திராது. மந்தைவெளி, மேய்க்கால், ஏரிக்கரைத் தோப்பு, கோயில் நந்தவனம் என வழங்கிய அவ்வெளிகளே, நகராட்சிப் பூங்காக்கள் வருமுன் ஊரார் இளைப்பாறிய இடங்கள். பின்னர் அவற்றுள் பல, வருவாய்த் துறைப் பதிவேடுகளில் புறம்போக்கு நிலங்களாயின. ஆக்கிரமிப்போரைத் தடுக்கும் அதிகாரம் ஊரை விட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போயிற்று. அதிகாரம் போனபின் அக்கறையும் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

மாவட்டத்தின் மிகப் பெரிய பசுமைவெளி காடு. அதன் காவல் மக்களுக்குப் புறம்பாக நின்றபோது விளைந்த கொடுமையைத் தருமபுரி மறக்கலாகாது. 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தன மரங்களைத் தேடுவதாகச் சொல்லி வனம், காவல், வருவாய்த் துறையினர் அரூரை அடுத்த வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்கள் கிராமத்தில் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடனிருந்த 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒரு பூங்காவின் சீர்கேட்டை இக்கொடுமையோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அருகில் வாழ்வோர்க்குப் பதில் சொல்லக் கடமைப்படாத காவல் எங்குபோய் முடியும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். காட்டில் வாழ்வோர்க்கு இழைத்த வரலாற்று அநீதியை முகவுரையிலேயே ஒப்புக்கொள்ளும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூகக் காட்டு வளத்தைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளித்தது.

காட்டுக்குப் பொருந்தும் நெறி நகரின் சிறு பூங்காவுக்கும் பொருந்தும். அதற்கான சட்டங்களுக்குக் குறைவில்லை. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959இலேயே தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. உள்ளாட்சிகள் தம் எல்லைக்குள் இருக்கும் பொதுவெளிகளைப் பட்டியலிட வேண்டும் என்பது அதன் ஆணை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கிய பரப்பில் 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்கப்பட்டு, தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் சேர வேண்டும். பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் வழக்காடியபோது, 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 2022 நவம்பர் முதல் தமிழக நகரங்களில், கிராம சபை போன்ற பகுதி சபைகளும் கூடத் தொடங்கின. எனினும் எந்த மனைப்பிரிவில் எவ்வளவு பொதுநிலம் என்பது அங்கே குடியிருப்போர்க்கே தெரியாதவரை இவை யாவும் ஏட்டுச் சுரைக்காயே.

மக்கள் பொறுப்பேற்றால் நிலம் செழிக்கும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டா. அண்டை மாவட்டமாகிய சேலத்தில், கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010இல் குடிமக்கள் குழு ஒன்று நிர்வாகத்தின் இசைவோடு ஏற்றுத் தூர்வாரியது. ஏரிக்குள் மண்திட்டுகள் அமைத்து மரம் வளர்த்தது. சென்னைக் கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையோரம் குப்பை கொட்டிக் கிடந்த அரசு நிலம், 2006 முதல் ‘நிழல்’ அமைப்பும் தன்னார்வலரும் பேணியதால் மரப்பூங்காவாயிற்று. இவ்விரண்டிலும் நிலம் அரசுடையதாகவே நீடித்தது. பேணும் பொறுப்பு மட்டுமே பகிரப்பட்டது. பொதுவளங்களை மக்கள் ஆளும் முறைகளை ஆராய்ந்து 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமின் முடிவும் இதையொட்டியதே: விதிக்கு உட்படுவோர் அவ்விதியை வகுப்பதிலும் பங்குபெறும் இடத்திலேதான் பொதுவளம் நிலைக்கிறது.

மக்கள் என்று பொதுப்படச் சொல்லி அமைந்துவிடவும் இயலாது. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தீக்கிரையான மாவட்டம் இது. இங்கே பொதுவெளியைப் பேணும் ஊர்க்குழு வலியோர் குழுவாகச் சுருங்குமாயின், பூங்காவின் வாயில் சிலர்க்குத் திறந்தும் பலர்க்கு அடைத்தும் கிடக்கும். ஆகவே பெண்கள், காலனி மக்கள், ஆடு மேய்ப்போர், தூய்மைப் பணியாளர் ஆகியோர்க்குக் குழுவில் இடத்தை விதியாலேயே உறுதிசெய்ய வேண்டும். ‘நமக்கு நாமே’ போன்ற திட்டங்களில் மக்கள் பங்குத்தொகை கேட்கப்படுகிறது. ஏழைகள் வாழும் வார்டுகளில் உழைப்பையே பங்காக ஏற்பதுதான் நீதி.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வோர் ஊராட்சியும் நகராட்சி வார்டும் தன் பொதுவெளிகளை அளவோடும் சர்வே எண்ணோடும் எழுதி அவ்விடத்திலேயே பலகையாக நட வேண்டும். கிராம சபை அல்லது பகுதி சபையின் எழுத்துவழி ஒப்புதலின்றி எந்தத் திறந்தவெளியும் வேறு பயனுக்குப் போகலாகாது. பூங்கா கட்டுவது ஒருமுறைச் செலவு. நீர் பாய்ச்சுவதோ ஆண்டுதோறும் வரும் செலவு. புளிக்குப் பெயர்பெற்ற இம்மாவட்டத்தில், ஊராட்சி மரங்களின் புளி ஏலத்தொகையில் ஒரு பகுதியை இப்பராமரிப்புக்கென ஒதுக்கலாம். வானம் பார்த்த பூமிக்குப் புல்தரை பொருந்தாது. வேம்பும் புங்கனும் புளியும் போதும். காடும் மரமும் சூழ்ந்த பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் இலக்கோடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. அதற்கு நட்ட கன்றுகளின் கணக்கை அலுவலகம் தரலாம். பிழைத்தவற்றின் கணக்கை ஊரார்தாம் தர இயலும்.

தருமபுரி தனி மாவட்டமாக அமைந்தது 1965 அக்டோபர் 2 அன்று. கிராம சபைகள் கூடும் நாள்களுள் அதுவும் ஒன்று. வரும் அக்டோபர் 2இல் ஒவ்வொரு சபையிலும் பொதுநிலப் பட்டியல் உரக்கப் படிக்கப்படட்டும். விடுபட்ட நிலத்தைச் சுட்டிக்காட்டும் உரிமை அங்கு வந்த எவர்க்கும் இருக்கட்டும். அவர் சொல் அன்றே தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். அதன்பின் மக்களைக் காவலுக்கு அழைக்கும் தகுதி அரசுக்கு உண்டாகும்.