அடுக்களைப் பக்கம்: இத்தாலி நாட்டுக் காப்பி அடுக்கு

'திராமிஸு' என்ற பெயரைக் கேளாத தமிழ்க் குடும்பம் இம்மும்பை நகரில் இனி அரிதாகவே இருக்கும். உத்தியோகத்துக்குச் செல்லும் பிள்ளைகள் உணவு விடுதியில் அதில் ஒரு துண்டை ருசி பார்த்துவிட்டு வந்து, "இதை வீட்டிலேயே செய்யலாமாமே!" என்று அடுக்களை வாயிலில் நின்று கேட்கிறார்கள். செய்யலாம். சுட வேண்டியதில்லை; ஆகையால் சூட்டடுப்பு இல்லாத குடியிருப்புகளிலும் செய்யலாம். விடுதியில் இரண்டு துண்டுகளுக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டார் அனைவரும் உண்ணலாம். ஆனால் எளிது என்று எண்ணி இறங்கி, நாம் முதல் முறை செய்த பிழைகளைச் சகோதரிகள் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இம்மாதப் பக்கத்தை இதற்கு ஒதுக்கினோம்.

எம் தமக்கையின் மகள் வேலை நிமித்தம் எங்களுடன் தங்கியிருக்கிறாள். சென்ற ஆண்டு அவள் பிறந்தநாளுக்கு இதைச் செய்ய முற்பட்டோம். எங்கோ எழுதியிருந்த முறைப்படி ஆறு முட்டைகளைப் பச்சையாகவே உடைத்துக் கலந்தோம். கொதிக்கக் கொதிக்க இருந்த டிகாக்ஷனில் பிஸ்கோத்துகளை ஊற வைத்தோம். இரண்டு மணி நேரம் கூடப் பொறுக்காமல் கரண்டியை இட்டோம். வந்தது அடுக்கு அன்று, பாயசம். அதுகூடப் பெரிதல்ல. எம் தாயார் திருநெல்வேலிச் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். முட்டை கலந்த பண்டத்தைத் தொடமாட்டார். விடியற்காலையில் எழுந்து பித்தளைப் பில்டரில் அந்த டிகாக்ஷனை இறக்கிக் கொடுத்தவர் அவரே. எல்லோரும் கிண்ணத்தை ஏந்தியபோது, "முட்டை போட்டிருக்காம்லா, எனக்கு வேண்டாம். நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிச் சுவரோரமாக அமர்ந்துவிட்டார். பேத்தியின் முகத்தில் பிறந்தநாள் களை அந்த நிமிஷமே போய்விட்டது.

மறுநாள் எங்கள் சிறுவனுக்கு வயிற்றுவலியும் பேதியும் கண்டு இரண்டு நாள் வாட்டின. அதற்கு முட்டைதான் காரணம் என்று நிரூபிக்க எம்மால் இயலாது. ஆயினும் பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதும், அது ஓட்டின் மேல் மட்டுமன்றி உள்ளேயும் இருக்கலாம் என்பதும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் முதியோரையும் அது கடுமையாகத் தாக்கும் என்பதும் மருத்துவர்கள் சொல்லும் உண்மைகள். அன்றோடு எங்கள் வீட்டில் பச்சை முட்டைக்கு விடை கொடுத்தோம். அதன்பின் நாம் தேடியதெல்லாம், வீட்டில் ஒருவர் விலகி உட்காராமல் எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து உண்ணத்தக்க ஒரு முறையைத்தான்.

இப்பண்டத்தின் பூர்விகத்தைச் சற்றே பார்ப்போம். வெனிஸ் நகருக்கு வடக்கே திரெவீசோ என்றோர் ஊர் உண்டு. அங்கே ஆடோ காம்பெயோல் என்பாரின் குடும்பத்தார் நடத்திய லே பெக்கெரியே என்னும் உணவகத்தில் 1970-களின் தொடக்கத்தில் இது பரிமாறப்பட்டது. அவருடைய மனைவி ஆல்பாவும், ரொபெர்ட்டோ லிங்குவானொட்டோ என்ற இனிப்புச் சமையற்காரரும் சேர்ந்து உருவாக்கியது என்பது அவ்வூரார் கூற்று. பக்கத்து மாகாணமான ஃப்ரியூலிக்காரர்களோ தொல்மெட்ஸோ என்ற தங்கள் மலையூரில் 1950-களிலேயே இது இருந்தது என்று வாதாடுகிறார்கள். இத்தாலிய அரசாங்கமும் 2017-ஆம் ஆண்டில் இதனை ஃப்ரியூலியின் பாரம்பரிய உணவுகளின் பட்டியலில் சேர்த்தது. திரெவீசோ இருக்கும் வெனேட்டோ மாகாணத்தார் வெகுண்டனர். திருநெல்வேலி அல்வாவுக்கு மற்றோர் ஊர் உரிமை கொண்டாடினால் நாம் வெகுள மாட்டோமா?

ஆல்பா அம்மையாரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். பிள்ளை பெற்றுத் தளர்ந்திருந்த சமயத்தில் அவருக்குத் தெம்பு வரவேண்டும் என்று காப்பியில் நனைத்த பிஸ்கோத்தும் பாலேட்டுக் கட்டியும் கொடுத்தார்களாம். அந்த நினைவில் பிறந்ததே இந்தப் பண்டமாம். 'திராமிஸு' என்றால் 'என்னைத் தூக்கி நிறுத்து' என்று பொருள். பிரசவ லேகியம் உருட்டித் தரும் நம் பாட்டிமாருக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. திரெவீசோவின் முறையில் மது இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் பலர் மார்சாலா என்னும் திராட்சை மதுவையும் ரம்மையும் சேர்க்கலாயினர். ஆகவே விடுதியில் உண்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு உண்பது நலம்.

அந்த உணவகத்தின் அளவு 2010-ஆம் ஆண்டில் பத்திரமாகவே பதிவாகியிருக்கிறது: முட்டையின் மஞ்சள் கரு 12, சர்க்கரை அரைக் கிலோ, மஸ்கர்போனே 1 கிலோ, சவோயார்டி என்ற விரல் பிஸ்கோத்து 60, மற்றும் காப்பி, கோகோ தூள். இவற்றில் மஞ்சள் கரு செய்யும் வேலை என்ன? பாலேட்டுக்கு வழவழப்பும் கனமும் கொடுக்கிறது, அவ்வளவே. அதை வேறு வகையில் பெற முடியுமானால் முட்டை இல்லாமலே நடத்தலாம்.

மஸ்கர்போனே என்பது பெயரளவில் பெரிது; செய்கையில் பன்னீருக்குத் தங்கை. பன்னீருக்குப் பாலைத் திரிக்கிறோம். இதற்குப் பாலேட்டைத் திரிக்கிறோம். கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் 25 சதவிகிதக் கொழுப்புள்ள பாலேடு 600 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதன்மேல் மற்றொரு பாத்திரத்தை வைத்து அதில் பாலேட்டை ஊற்றிக் கிளறுங்கள். ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்ற வேண்டும், கொதிக்கக் கூடாது. வெப்பமானி இருப்பவர்கள் 85 டிகிரி செல்சியஸ் பார்த்துக்கொள்ளலாம். அப்பொழுது எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி விட்டு, மூன்று நான்கு நிமிஷம் மெதுவாகக் கிளறினால் கரண்டியின் முதுகில் திட்டமாகப் படியும். பன்னீரைப் போல் கட்டி கட்டியாகப் பிரியும் என்று காத்திராதீர்கள். இது பிரியாது, தடிக்கும். இறக்கி ஆறவிட்டு, நான்காக மடித்த வெள்ளைத் துணியை வடிதட்டில் விரித்து அதில் ஊற்றி, குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் கீழே நீர் வடிந்திருக்கும். மேலே வெண்ணெய்க்கும் கெட்டித் தயிருக்கும் இடைப்பட்ட ஒரு பொருள் நிற்கும்.

இதனுடன் நாம் 150 கிராம் சக்கா சேர்க்கிறோம். ஸ்ரீகண்டத்துக்காக மராட்டிய மக்கள் தயிரைத் துணியில் கட்டி வடித்து எடுப்பதே சக்கா. இங்குள்ள பால் கடைகளில் எடை போட்டுத் தருகிறார்கள். மஸ்கர்போனே மட்டும் இருந்தால் நான்கு வாய்க்குள் திகட்டிவிடுகிறது. சக்காவின் இலேசான புளிப்பு அதைத் தடுக்கிறது. முழுவதும் சக்காவிலேயே செய்தும் பார்த்தோம். செலவு குறைவு, ஆனால் காப்பி போட்ட ஸ்ரீகண்டம் ஆகிவிட்டது. அதுவும் தின்ன நன்றாகத்தான் இருந்தது; ஆனால் பெயர் மாற்றியே பரிமாற வேண்டும். சக்கா புளித்ததாக இருக்கக் கூடாது. வீட்டில் வடிப்பவர்கள் குளிர்ப்பெட்டிக்குள்ளேயே தொங்கவிட வேண்டும். சக்காவை முதலில் சல்லடையில் தேய்த்துக்கொண்டு, 100 கிராம் பொடித்த சர்க்கரை கலந்து, பின் மஸ்கர்போனேயைச் சேர்த்து மரக்கரண்டியால் மெல்ல ஒன்றாக்குங்கள். வேகமாக அடித்தால் வெண்ணெய் திரண்டு திப்பி திப்பியாகிவிடும். மோர் கடையும் கைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இனி டிகாக்ஷன். இவ்விஷயத்தில் இத்தாலியருக்கு நாம் எள்ளளவும் இளைத்தவர்கள் அல்லோம். அவர்கள் இயந்திரத்தின் அழுத்தத்தில் இறக்குவதை நாம் பொறுமையால் இறக்குகிறோம். மாதுங்காவில் கொட்டையைக் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைகளில் பீபெரியும் பிளாண்டேஷனும் சரிபாதியாகக் கேட்டு வாங்குங்கள். சிக்கரி வேண்டாம் என்பது எம் கருத்து. பாலில் கலக்கும்போது நிறமும் கனமும் கொடுக்கும் அதே சிக்கரி, பிஸ்கோத்தில் ஊறும்போது நாவில் கசப்பை நிறுத்திவிடுகிறது. காப்பியின் மணத்தையும் அமுக்கிவிடுகிறது. முதல் டிகாக்ஷன் 150 மில்லிக்கு வெந்நீர் 100 மில்லி சேர்த்து, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி கரைத்து, முற்றிலும் ஆறவிட வேண்டும். பாத்திரத்தின் அடியைத் தொட்டால் கைக்குச் சூடே தெரியக் கூடாது. எமது முதல் தோல்விக்குப் பாதிக் காரணம் இந்தச் சூடுதான். சூடான டிகாக்ஷன் பிஸ்கோத்தையும் கரைக்கும், பாலேட்டையும் உருக்கும்.

விரல் பிஸ்கோத்து பெரிய கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அதில் முட்டை உண்டு. முட்டை உண்ணாதவர்கள் பச்சைக் குறியுள்ள மாரி பிஸ்கோத்தைக் கைக்கொள்ளலாம். நம் நாட்டுச் சட்டப்படி முட்டை கலந்த பண்டத்துக்குப் பச்சைக் குறி இடுவதில்லையாதலால் அதை நம்பலாம். ரஸ்க்கும் போட்டுப் பார்த்தோம். ஏலக்காய் மணம் காப்பியோடு சண்டைக்கு நிற்கிறது. தவிர, நடுவில் நனையாத கட்டி நின்று பல்லில் இடறுகிறது. மாரி பிஸ்கோத்தை ஒவ்வொன்றாக டிகாக்ஷனில் ஒரு பக்கம் தோய்த்து, புரட்டி, உடனே எடுத்துவிட வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. நனைந்தது போதாதே என்று கை துடிக்கும், விட்டுவிடுங்கள். மீதியை இரவு பார்த்துக்கொள்ளும்.

ஒரு சாண் சதுரமுள்ள, இரண்டங்குல ஆழக் கண்ணாடிப் பாத்திரம் போதும். அடியில் நனைத்த பிஸ்கோத்து ஒரு வரிசை, அதன்மேல் பாலேட்டில் மூன்றில் ஒரு பங்கு, இப்படியே மும்முறை. இடைவெளி விழும் இடங்களில் பிஸ்கோத்தை ஒடித்து அடைக்கலாம். மேற்பரப்பைக் கத்தியால் சமன் செய்து, தட்டிட்டு மூடிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஐஸ் உறையும் அறையில் அன்று. குறைந்தது எட்டு மணி நேரம், முடிந்தால் ஒரு முழு இரவும் பகலும். இந்தக் காத்திருப்பில்தான் பிஸ்கோத்து பதமாகி ரொட்டித் தன்மையை இழக்கிறது. பாலேடு இறுகித் துண்டு போட வருகிறது. கோகோ தூளைப் பரிமாறும் சமயத்தில்தான் தேயிலை வடிகட்டியால் சலித்துத் தூவ வேண்டும். முன்னமே தூவினால் ஈரம் குடித்துக் கறுத்துவிடும். சர்க்கரை சேர்ந்த பானத் தூளைக் கோகோ என்று எண்ணித் தூவுவோரும் உண்டு. அந்தக் கசப்பு இருந்தால்தான் இனிப்பு எடுபடும்.

முட்டை உண்ணும் வீட்டார் மஞ்சள் கருவைச் சேர்க்க விரும்பினால், சர்க்கரையுடன் கலந்து, கொதிநீரின் ஆவியின் மேல் வைத்து, கைவிடாமல் அடித்து, 71 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி ஆறவைத்துக்கொள்ள வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் இந்த வழிக்குப் போக வேண்டாம். எப்படிச் செய்தாலும் மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சங்கத்து விழாக்களுக்குக் கொண்டுவருபவர்கள் ஐஸ் நிரப்பிய பெட்டியில் வைத்தே கொண்டுவாருங்கள். இவ்வூர் வெயிலில் ஒரு மணி நேரம் வெளியே இருந்துவிட்டால் நம்பத்தக்கதல்ல. மற்றொன்று: இதில் காப்பி இருப்பதை மறந்து, இரவு ஒன்பது மணிக்குச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் உறங்கவில்லையே என்று வருந்தாதீர்கள்.

இந்த முறையில் முதன்முதலாகச் செய்தது தீபாவளிக்கு முந்தின நாள். தமக்கை மகளே எல்லாவற்றையும் செய்தாள். டிகாக்ஷன் மட்டும் வழக்கம் போல் தாயாருடையது. மறுநாள் மாலை கத்தி இறங்கியபோது மூன்று அடுக்கும் தனித்தனியே தெரிந்தன. முதல் துண்டை அவள் பாட்டியிடம் நீட்டி, "ஆச்சி, இதில முட்டை இல்லை. பெட்டியில பச்சைப் புள்ளி இருக்கு, பாத்துக்கோங்க" என்று பிஸ்கோத்துப் பொட்டலத்தையும் கூடவே காட்டினாள். தாயார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புள்ளியைப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதித் துண்டு ஆன பின்பு, "நல்லாத்தான் இருக்கு. காப்பியிலதான் சிக்கரி பத்தலை" என்றார்.

சிக்கரி பற்றிய எம் கருத்தை நாம் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் தைப் பொங்கலுக்குச் செய்தபோது, சிக்கரி கலந்த டிகாக்ஷனில் ஒரு சிறு கிண்ணம் அவருக்கென்று தனியே அடுக்கி வைத்தோம்.