முறிந்த எலும்பும் அணையாத பீடியும்

புகையிலைக்கு எதிராகச் சட்டம் இயற்றுவதில் நாடாளுமன்றம் பின்தங்கிவிடவில்லை. சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருள்கள் சட்டம் 2003-ல் நிறைவேறியது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை அமலுக்கு வந்தது. 2016-ல் சிகரெட், பீடி உறைகளின் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படங்கள் ஆக்கிரமித்தன. சட்டம் கடைவீதி வரை சென்றது. ஆனால், அது சென்று சேர வேண்டிய இன்னோர் இடம் உண்டு. அதுதான் அரசு மருத்துவமனைகளின் எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவு.

புகை என்றாலே நுரையீரலும் புற்றுநோயும்தான் நினைவுக்கு வருகின்றன. எலும்பையும் அது விட்டுவைப்பதில்லை என்பது பலர் அறியாத உண்மை. நிகோடின் ரத்த நாளங்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தம் சுமந்து செல்லும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. முறிந்த எலும்பு கூடுவதற்கும் அறுவைக் காயம் ஆறுவதற்கும் தேவையானவை இவ்விரண்டும்தான். இதன் விளைவாக, புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாகிறது. சிலருக்குக் கூடாமலே போகிறது. காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் அதிகரிக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு இது மருத்துவ விடுப்பு நீட்டிப்பு. சித்தாளுக்கும் லாரி ஓட்டுநருக்குமோ பிழைப்பே போன கதை.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு என்கின்றன ஆய்வுகள். டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 120 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2002-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. அறுவைக்கு 6 முதல் 8 வாரங்கள் முன்பிருந்தே, ஒரு பிரிவினருக்கு வாராந்திர ஆலோசனையும் நிகோடின் மாற்று மருந்தும் தரப்பட்டன. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கு அறுவைக்குப் பின் சிக்கல்கள் ஏற்பட, ஆலோசனை பெற்றவர்களிடையே அது 18 சதவீதமாகக் குறைந்தது.

விபத்தில் எலும்பு முறிந்து வருபவருக்கு முன்கூட்டியே ஆலோசனை தர இயலாதே என்று கேட்கலாம். 2010-ல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு இதற்கு விடையளிக்கிறது. அவசர அறுவைக்குப் பிந்தைய ஆறு வாரங்கள் ஆலோசனை பெற்றவர்களில் சிக்கலுக்கு உள்ளானோர் 20 சதவீதம். பெறாதவர்களில் 38 சதவீதம். இரண்டுமே சிறிய ஆய்வுகள்தான். ஆயினும், அவை காட்டும் திசை ஒன்றே.

2022-ம் ஆண்டில் மட்டும் நாட்டின் சாலை விபத்துகளில் காயமடைந்தோர் 4.43 லட்சம் பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். 2016-17 தேசிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி புகைபிடிப்பவர்களில் 55 சதவீதத்தினர் பழக்கத்தை விட நினைக்கின்றனர். ஆனால், மருத்துவப் பணியாளரை நாடிச் சென்ற புகைபிடிப்பவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கே 'விட்டுவிடுங்கள்' என்ற அறிவுரை கிடைத்திருக்கிறது. அறிவுரை வேறு, ஆலோசனை வேறு. ஒரு வரியில் கண்டித்துவிட்டு அடுத்த நோயாளியை அழைப்பது ஆலோசனையாகாது. நாளொன்றுக்கு எத்தனை, எந்த நேரத்தில் கை பீடியைத் தேடுகிறது என்று கேட்டறிந்து, விடுவதற்கு ஒரு நாளைக் குறித்து, உந்துதல் எழும் சில நிமிடங்களைக் கடக்க வழி சொல்லி, அடுத்த வாரமும் விசாரிப்பதே ஆலோசனை.

கைவசம் எதுவுமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2002-லேயே புகையிலை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண் 2018 முதல் உறைகளிலேயே அச்சிடப்படுகிறது. நிகோடின் மாற்று மருந்து, 2022-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றது. காலில் மாவுக்கட்டுடன் வாரக்கணக்கில் படுத்திருப்பவரின் கட்டில் அருகே இவற்றைக் கொண்டு செல்ல ஆள் வேண்டும் என்பதே குறை.

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பது நியாயமான வாதம். அதற்காகத்தான் ஆலோசகர்கள் தேவை. எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்துக்காக அரசு மருத்துவமனைகளில் ஆலோசகர்களை நியமித்துக் காட்டிய அரசுக்கு இது முடியாத காரியமல்ல. 'தானே தேடிக்கொண்ட வினை' என்று நோயாளியைப் பழிப்பதும், புகையை விட்டால்தான் அறுவை என்று நிபந்தனை விதிப்பதும் தீர்வாகா. பயந்தவர் பழக்கத்தை மறைப்பார். மறைத்தவருக்கு உதவ இயலாது.

2017-ல் செயற்கை முழங்கால் மூட்டுக்கு விலை உச்சவரம்பு விதித்த மத்திய அரசு, 2018-ல் ஆயுஷ்மான் பாரத் மூலம் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் அளித்தது. அந்தப் பணத்தில் பொருத்தப்படும் மூட்டும் தகடும் உடலோடு ஒன்ற வேண்டுமானால், எலும்பு அறுவைக்கான காப்பீட்டுத் தொகுப்பிலேயே புகை மீட்பு ஆலோசனையைச் சேர்க்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவில் ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும். மீண்டும் செய்ய நேரும் ஓர் அறுவைக்கான செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பமே. சுகாதார மானியக் கோரிக்கை மீதான விவாதத்தில் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இது.