தேவ சித்தமும் மனத்தாழ்மையும்

கிறிஸ்தவர் நாவில் அடிக்கடி வழங்கும் மொழிகளுள் ‘தேவ சித்தம்’ என்பதும் ஒன்று. வீட்டில் மரணம் நேர்ந்தால் அதனைச் சொல்லுகிறோம். தேர்வில் தவறிய நண்பனைத் தேற்றப் புகும்போதும் அதனையே சொல்லுகிறோம். முயன்று பார்க்க மனமில்லாத காரியத்தைக் கைவிடும்போதும் அதுவே நமக்குத் துணையாக வருகிறது. சொல் ஒன்றே, சொல்லுவார் மனநிலையோ வெவ்வேறு. ஒருவர் வாயில் அது விசுவாச அறிக்கை. மற்றொருவர் வாயில் சோம்பலை மறைக்கும் திரை. வேறொருவர் வாயில் பிறர் துயரத்தின்மேல் கூறப்படும் தீர்ப்பு. இவற்றைப் பிரித்தறிதற்குரிய உரைகல் மனத்தாழ்மையே என்பது எமது துணிபு. கடவுளுக்கு ஒரு நோக்கம் உண்டென நம்புவது விசுவாசம். அந்நோக்கம் இன்னதென நமக்குத் தெரியும் என்று பேசுவது செருக்கு. முன்னது நம்மைப் பணி செய்ய ஏவும். பின்னது நம்மைக் கடவுளின் ஆசனத்தில் ஏற்றிவைக்கும்.

அந்நாளைய அச்சுக்கூடங்களில் ஈய எழுத்துக்களைக் கையாற் கோத்தவனை எண்ணிப் பார்ப்போம். அவன் கையிலிருந்த எழுத்துக்கள் இடவலம் மாறியவை. அவன் கண்முன் இருந்தது நூல் முழுவதுமன்று. ஒரு பக்கத்தின் சில வரிகளே. அவ்வரிகளைப் பிழையறக் கோப்பதே அவன் கடன். நூலின் முடிவு தெரியாமையால் அவன் வேலையை நிறுத்தினானில்லை. சில வரிகளைக் கோத்தமையால் நூலாசிரியன் கருத்தனைத்தும் அறிந்துவிட்டதாகத் தருக்கினானுமில்லை. விசுவாசியின் வாழ்க்கையும் இத்தகையதே.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. நம் கையிலுள்ள தமிழ் வேதாகமம் நமக்கு வந்துசேர்ந்த வரலாறே போதிய சான்றாகும். ஜெர்மனி தேசத்துச் சீகன்பால்கு ஐயர் 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புளுச்சோ ஐயரோடு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். டென்மார்க்கு அரசர் அனுப்ப வந்தவராயிருந்தும், அவ்வூரை ஆண்ட டேனிய அதிகாரியே 1708-ஆம் ஆண்டின் இறுதியில் அவரைச் சிறைப்படுத்தி, ஏறத்தாழ நான்கு மாதம் அடைத்துவைத்தார். விடுதலை பெற்ற ஐயர் 1711-இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை முடித்தார். அக்காலத்தில், மிஷனுக்கென இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப்பொறியை ஏற்றிவந்த கப்பல், தென்னமெரிக்காவின் ரியோ டி ஜெனீரோத் துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கிற்று. பொறியோடு புறப்பட்ட அச்சாளர் பிங்க் என்பவர் தரங்கம்பாடியைக் காணாமலே வழியில் மாண்டார், பொறி வந்துசேர்ந்தது. பின்னர் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துக்கள் வந்தன. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சிட்டு முடிந்தது. அதன்பின் பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பில் ரூத்தின் புத்தகம்வரை வந்திருந்த சீகன்பால்கு ஐயர், 1719-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தமது 36 வயதில் உயிர்நீத்தார்.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து அப்பணியை நிறைவேற்றியவர் சூல்ச் ஐயர். அவரும் 1719-ஆம் ஆண்டிலேதான் தரங்கம்பாடிக்கு வந்தார். ஆயின் அவர் வந்தபோது சீகன்பால்கு ஐயர் கல்லறையில் இருந்தார். தொடங்கியவரும் முடித்தவரும் இம்மண்ணில் ஒருவரையொருவர் காணவில்லை. அடுத்த தலைமுறையிற் பெப்ரிசியுஸ் ஐயர் அம்மொழிபெயர்ப்பை நெடுங்காலம் உழைத்துத் திருத்தினார். முதுமையில் கடன்தொல்லையாற் சிறையும் கண்டு 1791-இல் மறைந்தார். 1871-இல் பவர் ஐயர் முதலியோர் கூடிச் சமைத்த ஐக்கிய மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இன்றும் நம் சபைகளிற் பெரும்பாலும் வாசிக்கப்படுவது அதன் வழிவந்த நூலே. சீகன்பால்கு ஐயர் எழுதிய வாக்கியங்களை இன்று ஆராய்ச்சியாளரே தேடிப் படிக்கின்றனர். ஆயினும் அவர் தொடங்கியிராவிடின் பின்னவர்க்குத் திருத்தவும் ஒன்று இராது. தமது உழைப்பு பிறருடைய உழைப்பினுள் கரைந்து போவதற்கு இசைவதே பணியாளனுக்குரிய தாழ்மை.

இங்கே ஒரு கேள்வி எழும். பிங்க் என்னும் அவ்வச்சாளர் ஏன் வழியில் மாண்டார்? நோக்கமுடைய கடவுள் ஏன் அவரைக் கரைசேர்க்கவில்லை? இதற்கு விடையொன்றைப் புனைந்து கூறல் எளிது. ஆயின் அவ்விடை நம்முடையதாகுமேயன்றித் தேவனுடையதாகாது. நாம் அறியோம் என்பதே நேர்மையான மறுமொழி. அறியோம் என்று கூறியும் நம்பிக்கையை விடாதிருத்தலே விசுவாசம்.

ஐயர் இறுதியாக மொழிபெயர்த்த பகுதியின் பொருளையும் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். ரூத் மோவாப் தேசத்து விதவை. மாமியாரைக் கைவிடாது பெத்லகேமுக்கு வந்தாள். இருவர் வயிற்றையும் நிரப்பும்பொருட்டு அயலார் வயலிற் சிந்திய கதிர்களைப் பொறுக்கினாள். அவள் மனத்தில் இருந்தவை அன்றைய உணவும் முதியவளின் பசியுமே. அப்புத்தகத்தின் கடைசி வரிகளோ அவளைத் தாவீது அரசனுடைய பாட்டனுக்குத் தாயாகக் காட்டுகின்றன. அவ்வரிகள் அவள் கதையில் உள்ளனவேயன்றி அவள் கண்ணில் இல்லை. கதிர் பொறுக்கியது அவள் கடமை. வமிசவரிசை எழுதியது ஆண்டவர் செயல்.

இனி, இச்சொல்லை யார், எப்பொழுது சொல்லத்தகும் என்பதை ஆராய்வோம். யோசேப்பு தன் பதினேழாம் வயதில் சகோதரராற் குழியிலிடப்பட்டு விற்கப்பட்டான். முப்பதாம் வயதிலேதான் பார்வோன் முன் நின்றான். தனக்கு நேர்ந்த தீமையைத் தேவன் நன்மையாக மாற்றினார் என்று அவன் சகோதரரிடம் கூறினான். கூறியவன் குழியிற் கிடந்தவன்; குழியருகே நின்றவரல்லர். அன்றியும், ஆண்டுகள் பல கழிந்தபின் திரும்பிப் பார்த்துக் கூறினான். யோபுவின் நண்பரோ இதற்கு நேர்மாறானவர். ஏழு நாள் அவனருகே தரையில் மௌனமாக அமர்ந்திருந்த வரையில் அவர்களைப்போல் நல்ல தோழர் இல்லை. வாய்திறந்து அவன் துன்பத்திற்குக் காரணம் விளக்கத் தொடங்கியபோதே தவறினர். இறுதியிற் கடவுளின் சினத்துக்கு ஆளானவர் முறையிட்டு அழுத யோபு அல்லர். கடவுளுக்காக வழக்காடியதாக எண்ணிய அந்நண்பரே. ஆகலின், என் துன்பத்தில் தேவ சித்தத்தைக் காண எனக்கு உரிமை உண்டு. பிறன் துன்பத்தில் அதனைச் சுட்டிக்காட்ட எனக்கு உரிமை இல்லை. பிள்ளையை இழந்த தாய்க்கு நாம் தரத்தக்கது விளக்கமன்று, உடனிருத்தல். கட்டணம் செலுத்த வழியின்றிப் படிப்பை நிறுத்தும் மாணவனிடம் ‘இது ஆண்டவர் சித்தம்’ என்று கூறி அகல்வது பக்தியன்று. நம் பையைத் திறவாதிருக்கக் கடவுளின் பெயரைப் பயன்படுத்துதலேயாம்.

‘அங்ஙனமாயின் இவ்விசுவாசம் ஊழை நம்புவதனின் எவ்வாறு வேறுபடும்?’ எனத் தமிழ் பயிலும் நண்பர் வினவக்கூடும். திருவள்ளுவர் ஊழுக்கு ஓரதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓரதிகாரம் வகுத்தார். ஊழை ஒப்பியவரும் முயற்சியைத் தள்ளினாரல்லர் என்பதற்கு அதுவே சான்று. கிறிஸ்தவ விசுவாசம் இன்னும் ஒன்று கூறும். ஊழிடம் மன்றாட இயலாது, தந்தையிடம் மன்றாடலாம். கெத்செமனேத் தோட்டத்தில் நம் ஆண்டவர், அப்பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டுமென முதலிற் கேட்டார். அதன் பின்னரே பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புவித்தார். கேளாமல் அடங்குவது தாழ்மையன்று. அது அச்சமாகவோ அலுப்பாகவோ இருத்தல் கூடும். கேட்டு, அழுது, முயன்று, அதன்பின் ஒப்புவிப்பதே மகனுக்குரிய பணிவு.

கல்லூரி மாணவராகிய நமக்கு இது வெறும் சமயத் தத்துவமன்று. பட்டம் பெற்றபின் எத்தொழில், எவ்வூர், எத்தகைய வாழ்வு என்னும் கவலை நம் விடுதிகளிற் பேசப்படாத இரவில்லை. தன் வாழ்வின் வரைபடம் முழுவதையும் இன்றே காட்டும்படி கடவுளைக் கேட்பாரும், அது காட்டப்படாமையால் ஒன்றும் செய்யாதிருப்பாரும் நம்மிடை உளர். பாடத்தைப் படியாமல் ஜெபத்தை மட்டும் நம்பித் தேர்வுக்குச் செல்வாரும் உளர். இவர்கள் அனைவரும் எண்ணத்தக்கது ஒன்று. ரூத்தின் புத்தகத்தை மொழிபெயர்த்த ஐயர், அடுத்த புத்தகத்துக்குத் தாம் உயிரோடிருப்போமோ என்றறிந்து அதனைச் செய்தாரல்லர். அன்றைய நாளுக்குரிய அதிகாரத்தை அன்று செய்தார். நம் முன்னும் இன்று ஒரு பக்கம் கிடக்கிறது. அதனைப் பிழையறக் கோப்போம். அருகிலிருப்பவன் எழுத்துக்கள் சிதறுமாயின் குனிந்து பொறுக்கிக் கொடுப்போம். நூலை முடிக்கும் பொறுப்பு அதன் ஆசிரியரைச் சார்ந்தது.