டிஷ் பார்க்க வேண்டியது அக்னி மூலையை

போன வாரம் மழையில எங்க வீட்டு டிவி மறுபடியும் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுபோச்சு. பார்க்க வந்த தம்பி மாடிக்குக்கூட ஏறல. "பாக்ஸ் போச்சு பெரியப்பா, புதுசு 1,400 ரூபாய் ஆகும்"னு சொல்லிட்டாரு. மழை விட்டா படம் தானா வருது. கெட்டுப்போன பாக்ஸ் வெயில் கண்டா நல்லாயிடுமா?

எங்க வீட்டில் இருப்பது தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ். மாசக் கட்டணம் கிடையாது. மறுநாள் நானே ஏறினேன். இதன் சேனல்கள் வருவது கிழக்கே 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளில் இருந்து. தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு அது தென்கிழக்கு, அதாவது நம்ம அக்னி மூலை. அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 70 டிகிரி உயரம். தட்டு என்னவோ எதிர்வீட்டுக் கூரையைப் பார்க்கிற மாதிரிதான் தெரியும், ஆனா சிக்னல் அதைவிட ரொம்ப மேலேருந்து இறங்குது. அதனால தூரத்து மரத்தை வெட்டுறது வீண் வேலை. தட்டை ஒட்டி நின்ன எங்க தென்னைதான் மட்டையைக் குறுக்கே விரிச்சிருந்துச்சு. ரெண்டு மட்டையைக் கழிச்சேன்.

வயர் முனையில பச்சைக் களிம்பு. அதை வெட்டிட்டு 20 ரூபாய்க்குப் புது பின் போட்டு டேப் சுத்தினேன். வயரைக் கீழே தொங்கி ஏறுற மாதிரி வளைச்சு விட்டேன், மழைத்தண்ணி அங்கேயே சொட்டட்டும்னு.

பாக்ஸ் மெனுவில் ரெண்டு கோடு வரும். முதல் கோடு சிக்னல் பலம், அதை நம்பாதீங்க, தட்டு எங்கே பார்த்தாலும் அது நின்னுக்கிட்டுதான் இருக்கும். ரெண்டாவதா வர்ற தரம்தான் முக்கியம். வீட்டுக்காரம்மா கீழேருந்து எண்ணைச் சொல்லச் சொல்ல, நான் மேலே தட்டை நூல் நூலா நகர்த்தினேன். 38ல் இருந்தது 66க்கு வந்துச்சு. பெருமழையில கொஞ்சம் மங்கத்தான் செய்யும். வெயில் நாளிலேயே ஏத்தி வெச்சாதான் தூறலுக்காவது தாங்கும்.

கேபிள் இருக்கிற வீட்டிலும் இந்தத் தட்டு ஒண்ணு இருக்கணும்னு நான் சொல்றது காசுக்காக மட்டும் இல்ல. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்போ கம்பமெல்லாம் சாய்ஞ்சு, எங்க தெருவுக்குக் கேபிள் வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. முந்தின சாயங்காலமே நான் தட்டைக் கழட்டி உள்ளே வெச்சிருந்தேன். நாலாம் நாள் திரும்ப மாட்டி, டிராக்டர் பேட்டரியில சின்ன இன்வெர்ட்டர் கொடுத்து செய்தி போட்டோம். தெருவே எங்க திண்ணையிலதான்.

பழைய ஆன்டெனாவுக்கு ஒளிபரப்பின டவரையெல்லாம் மூடிட்டாங்க. சென்னைக்கு டிஜிட்டல் டவர் வந்துச்சு, நம்ம பக்கம் வரல. இந்தத் தட்டிலும் இந்திச் சேனல் குவிஞ்சு கிடக்க, தமிழ்ச் சேனலைத் தேடித்தான் பிடிக்கணும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

எதிர்வீட்டு மச்சான் தன் தட்டையும் பார்க்கச் சொல்றாரு. உரம் போட்டு முடிச்சுட்டு ஞாயித்துக்கிழமை ஏறணும்.