ராத்திரியிலும் வீடு கொதிக்குதா? ஏ.சி. வாங்கும் முன் மொட்டை மாடியில் இந்த 5 விஷயங்களைப் பாருங்க!

'வெயில் சதம் அடித்தது' என்று செய்தி வருவதற்கு முன்பே, மேல் மாடியில் குடியிருப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும். ராத்திரி 10 மணிக்கு ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்கும். குழந்தை புரண்டு புரண்டு அழும். வயதானவர்களுக்குத் தூக்கமே இருக்காது. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. அதனால் இதை 'கோடைன்னா அப்படித்தான்' என்று விட்டுவிட முடியாது.

ஆத்தூர்க்காரர்களுக்கு வெயிலின் பலத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈர ஜவ்வரிசியைச் சிமென்ட் களத்தில் பரப்பி, வெயிலிலேயே காயவைக்கும் ஊர் இது. நம் மொட்டை மாடியும் அப்படி ஒரு களம்தான். பகல் முழுக்க வாங்கிய சூட்டை, கான்கிரீட் தளம் மெதுவாகக் கீழே இறக்கும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் அறை வேகுவது இதனால்தான்.

குளிர் நாடுகளில் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே பஞ்சு போன்ற கண்ணாடி இழையைப் பரப்பி வெப்பத்தைத் தடுக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது, தளத்துக்கு மேல் போடும் செங்கல் ஜல்லி - சுண்ணாம்புக் கலவையும், அதன் மேல் பதிக்கும் தட்டு ஓடும்தான். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன காற்று இடைவெளிகள் சூட்டைத் தடுக்கும். அங்கே மழைநீர் புகுந்துவிட்டால் அந்தப் பலன் குறைந்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும்.

என்னென்ன பார்க்கணும்?

காலை 7 மணிக்குள் அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு ஏறுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் தனியாகப் போக வேண்டாம்.

1. தட்டிப் பாருங்கள்: சின்னக் குச்சியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டால், ஓடு அடியில் பிடிப்பை விட்டிருக்கிறது.

2. இணைப்புகள்: ஓடுகளுக்கு நடுவில் பூச்சு உதிர்ந்திருக்கிறதா, செடி முளைத்திருக்கிறதா? தண்ணீர் இறங்கும் வழி அதுதான்.

3. வாட்டம்: இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்ப் பக்கம் ஓடாமல் குளமாக நின்றால் வாட்டம் சரியில்லை. குழாய் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. கீழிருந்து சீலிங்: ஓதம் பிடித்த கறை, உப்பரிப்பு, துருப்பிடித்த கம்பி தெரிந்தால், பெயின்ட் கடைக்குப் போகும் முன் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

5. தளத்தின் நிறம்: வெறும் கான்கிரீட்டோ பாசி படிந்து கறுத்த ஓடோ வெயிலை அதிகமாக உள்ளே வாங்கும்.

எது முதலில்?

பலரும் தவறுவது வரிசையில்தான். விளம்பரத்தைப் பார்த்து, விரிசல் விட்ட தளத்தின் மேலேயே கூல் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். மழை வந்ததும் ஈரம் உள்ளே சிக்கி, பெயின்ட் உரிந்து வரும். முதலில் விரிசலை அடையுங்கள். தளம் நன்றாகக் காயட்டும். வெள்ளை அடிப்பது கடைசி வேலை.

செலவு குறைய வேண்டுமென்றால் சுண்ணாம்பே போதும். பிடிப்புக்குப் பசை கலந்து இரண்டு, மூன்று கோட் அடிக்கலாம். மழையில் கரையும் என்பதால் வருஷா வருஷம் கோடைக்கு முன் அடிக்க வேண்டியிருக்கும். கூல் பெயின்ட் வாங்கினால் 'எஸ்.ஆர்.ஐ.' எண்ணைக் கேளுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனைக் காட்டும் அளவு அது. அதிகமாக இருந்தால் நல்லது. தெலங்கானா 2023-ல் 'கூல் ரூஃப்' என்று தனிக் கொள்கையே கொண்டுவந்திருக்கிறது. அதன் அடிப்படையும் இதே எளிய விஷயம்தான்: வெயிலை மேலேயே திருப்பி அனுப்புவது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையா? கவனம்!

சிமென்ட் ஷீட் வீட்டில் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்து பார்க்காதீர்கள். தட்டுவது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, துளை போடுவது எதுவும் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஷீட் மேல் கால் வைக்கவே வேண்டாம். உடைந்து உள்ளே விழும் ஆபத்து இருக்கிறது. ஷீட்டைத் தொடாமல், தனிக் கம்பம் நட்டு மேலே பச்சை வலைப் பந்தல் போடலாம்.

வாடகை வீடு என்றால்?

நம் ஊர்களில் பெரும்பாலும் ஓனர் கீழே, குடித்தனம் மேலே. சூடு மேலே இருப்பவருக்குத்தான் தெரியும். 'ராத்திரி தூக்கமில்லை' என்றால் 'வெயில் காலம்தானே' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதே ஓனரிடம் உப்பரித்த சீலிங்கையும், நகர்ந்து கிடக்கும் ஓட்டையும் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். தண்ணீர் இறங்கினால் துருப்பிடிப்பது அவர் வீட்டுக் கம்பி. ஓட்டை அடைத்தால் அவருக்குக் கட்டடம் நிற்கும், உங்களுக்குத் தூக்கம் வரும்.

அக்னி நட்சத்திரம் மே 4-ல் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு குச்சியும் இரண்டு வாளி தண்ணீரும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுங்கள்.