போனைப் பிடுங்கினால் ஊர் தப்பிவிடுமா?

2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் ஒரே பேச்சைத்தான் கேட்கிறேன்: "எல்லாத்துக்கும் இந்தப் போன்தான் காரணம். புள்ளைகள்ற கையில இருந்து அதைப் பறிச்சாச் சரி." பள்ளிவாசல் முன்றலில் பெரியவர்கள் சொல்கிறார்கள், வீட்டில் உம்மாமார் சொல்கிறார்கள். அரசாங்கமும் அதே எண்ணத்தில்தான் பேஸ்புக்கை முடக்கியது; 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் நிறைவேற்றியது. இந்த நம்பிக்கை பிழையானது. நம் பிள்ளைகளை இது வெறுங்கையோடு நிறுத்துகிறது.

அம்பாறை நகரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 பெப்ரவரி 26 இரவு, முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு மாக்கட்டி கிடந்தது. மலடாக்கும் மாத்திரை போட்டாயா என்று கூட்டம் சிங்களத்தில் அதட்டியது. கடைக்காரருக்குச் சிங்களம் அரைகுறை. கட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, பயத்தில் ஓமென்று சொல்லிவிட்டார். அதைப் படம்பிடித்துப் பேஸ்புக்கில் விட்டார்கள். கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்து, அது வெறும் மாதான் என்றார். ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. இதை அந்தக் கூட்டத்தில் ஒருவன் அறிந்திருந்தாலும் போதும். கடைக்காரருக்கு "தேருனே நே", விளங்கவில்லை, என்ற இரண்டு சிங்களச் சொற்கள் அந்த நேரம் வாயில் வந்திருந்தாலும் போதும்.

சில நாட்களில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டிப் பக்கம் திகன எரிந்தது. மார்ச் 7இல் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டபோது பல கடைகளும் வீடுகளும் ஏற்கெனவே சாம்பலாகியிருந்தன. வீபீஎன் தெரிந்தவன் தடையைத் தாண்டி அனுப்பிக்கொண்டே இருந்தான். அடுத்த வருடம் மே மாதம், சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி பேஸ்புக்கில் எழுதிய ஒற்றை வரியை மிரட்டல் என்று படித்தார்கள். மறுநாள் மினுவாங்கொடையும் குளியாப்பிட்டியும் எரிந்தன. முந்தைய தடை யாருக்கு எதைக் கற்றுக்கொடுத்தது?

நம் வீட்டுக் கதைக்கும் வருவோம். உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் பேசியது தமிழில், நம் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கும் தமிழில். அவனைப் பற்றி முதலில் முறைப்பாடு செய்தவர்களும் முஸ்லிம்களே. அவன் பின்னால் போனவர்கள் படிக்காதவர்களா? ஒருவன் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவன். இருவர் கொழும்பின் பெரிய வாசனைத் திரவிய வியாபாரியின் மக்கள். பட்டம் அவர்களைத் தடுக்கவில்லை. 2019 ஏப்ரல் 26 இரவு, சஹ்ரானின் குடும்பத்தார் பதுங்கியிருந்த சாய்ந்தமருது வீட்டில் குண்டு வெடித்தும் சண்டையிலும் 15 பேர் செத்தார்கள். அதில் 6 பேர் சிறுவர்கள். அந்த வீட்டில் புதிதாக வந்திருந்தவர்களைச் சந்தேகப்பட்டுப் பொலிஸுக்குச் சொன்னது ஊர்ச்சனம். அந்தக் கவனம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதைப் போனுக்குள்ளும் பழக்க முடியும்.

கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது நம் ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்கள், சூமில் கணிதம் படிப்பித்தார்கள். வழி தெரிந்திருக்கிறது. போன வருடம் என் தங்கையின் மகன் எரியும் பள்ளிவாசல் ஒன்றின் படத்தைக் காட்டி, "மாமா, இப்ப நடக்குது" என்றான். கூகுளில் அந்தப் படத்தையே போட்டுத் தேடச் சொன்னேன். வேறொரு நாட்டின் பழைய படம் வந்தது. அவன் முகம் சிவந்துபோனது. தனக்கு அனுப்பியவனுக்கு உடனே பதில் எழுதினான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவன் போனை நான் பிடுங்கியிருந்தால் அடுத்த படத்தைக் கூட்டாளியின் போனில் பார்த்திருப்பான், கேட்க ஆளில்லாமல்.

இந்த ஐந்து நிமிடத்தைத்தான் பாடமாக்கச் சொல்கிறேன். கொழும்பில் ஆங்கிலத்தில் தயாரித்துச் சான்றிதழோடு முடியும் பாடமாக அது இருக்கக்கூடாது; நம் ஆசிரியர்களும் மௌலவிமாரும் நம் பேச்சுத் தமிழில் நடத்தவேண்டும். வெட்டி ஒட்டிய வீடியோவை எப்படிப் பிடிப்பது, பயானில் ஒருவர் குர்ஆன் ஆயத்தின் பாதியை மட்டும் ஓதினால் மீதியை எங்கே தேடுவது என்று சொல்லித் தரவேண்டும். கூடவே பேச்சுச் சிங்களமும் வேண்டும். முஸ்லிம் பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்தால் பயனில்லை. 2019 ஜூனில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நடந்தபோது தமிழர் பக்கமும் நம் பக்கமும் போனில் என்னென்ன எழுதினோம் என்று நமக்குத் தெரியும். நம் மாளிகைக்காட்டுக்கும் தமிழரின் காரைதீவுக்கும் இடையில் கடலா இருக்கிறது? இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே சூம் வகுப்பில் இருக்கட்டும். அம்பாறை நகரிலிருந்து சிங்களப் பிள்ளைகளும் வரட்டும். "தேருனே நே" முதல் நாள் பாடமாக இருக்கட்டும். அவர்கள் அதற்கான தமிழை நம் பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளட்டும்.